செருப்பு தைத்தவர் செய்த ஆட்டம்

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



நம் ஆண்டு மலரில் வருடா வருடம் 'டிப்ளமோவுக்குப் பின் என்ன?' என்று ஒரு கட்டுரை வரும். ரயில்வே, மின்வாரியம், அப்ரண்டிஸ், நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வேண்டியதுதான். போன வருடக் கட்டுரையை நானே வெட்டி எடுத்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை நம்மில் யாரும் விண்ணப்பம் போட்டே இராத ஒரு தொழிலைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை பேசி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டங்களை உருவாக்கும் தொழில் அது.

நெட்ஃபிளிக்ஸில் 2016இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரை ஹாஸ்டலில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் பாகத்திலேயே நாலு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம். இதை யார் செய்தது என்று ஒருநாள் தேடிப் படித்தேன். கேரி கைகாக்ஸ் என்ற அமெரிக்கர், டேவ் ஆர்னெசன் என்ற இன்னொருவரோடு சேர்ந்து செய்தார் என்று இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆட்டத்தை எழுதிய காலத்தில் கைகாக்ஸ் செருப்பு, ஷூ பழுது பார்த்துக் குடும்பம் நடத்தினாராம்.

எங்கள் அப்பா பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கிறவர். முதலாம் ஆண்டில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் எதற்காக அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

அது என்ன ஆட்டம்?

கேரம், செஸ் மாதிரி இதற்குப் பலகை கட்டாயமில்லை. ஜெயித்தவர், தோற்றவர் என்று முடிவதும் இல்லை. நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஒரு ஆள். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், இப்படி.

நடத்துகிறவர் சொல்வார்: "குகைக்குள்ள வந்துட்டீங்க. எதிர்ல ஒரு மரக்கதவு. உள்ளே ஏதோ சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?"

"நான் கதவுல காதை வெச்சுக் கேக்கறேன்."

"நான் ஒரே உதையில தொறக்கறேன்!"

உதைத்தால் கதவு திறக்குமா? அதை நடத்துகிறவர் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியாது. உதைப்பவனின் பலம் எவ்வளவு என்று ஒரு தாளில் எண்ணாக எழுதியிருக்கும். பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பொறுத்துக் கதவு திறக்கும், அல்லது இவன் கால் சுளுக்கும். அங்கிருந்து கதை நகரும். என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், ஆனால் நடந்தே தீரும் என்று உறுதி கிடையாது. அவ்வளவுதான் ஆட்டம்.

எங்கிருந்து வந்தது?

இது ஒரே நாளில் ஒருவர் மூளையில் உதித்தது இல்லை. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்திப் பயிற்சி செய்யும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு நடுவர் உண்டு. 1880இல் அமெரிக்க ராணுவத்தின் சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ராடெகோஸ்' என்ற போர் ஆட்ட நூலை எழுதினார். வீரர்கள் எதை முயன்றாலும் அது நடக்குமா என்று நடுவர் தீர்மானிக்கலாம் என்பது அதில் இருந்த கருத்து.

பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டா மாநிலத்து மாணவர் டேவிட் வெஸ்லி அந்தப் பழைய நூலை ஒரு நூலகத்தில் கண்டெடுத்தார். 1969 வாக்கில் அவர் நடத்திய ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு படையைத் தராமல், ஆளுக்கு ஒரு மனிதனாக இருக்கும் வாய்ப்பைத் தந்தார். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன் 1971இல் இன்னும் ஒரு படி போனார். 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டைப் படைத்து, கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகள், அதில் அரக்கர்கள், புதையல் என்று வாராவாரம் தொடரும் கதையாக ஆக்கினார். ஒரு வாரம் ஆடிய ஆள் அடுத்த வாரம் அதே ஆளாக, கொஞ்சம் அனுபவம் கூடியவனாக வருவான்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். அங்கேதான் கைகாக்ஸ் இருந்தார்.

படிப்பை விட்ட கைகாக்ஸ்

1938இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவர், வயலின் வாசிப்பவர். கேரி பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஆனால் கையில் கிடைத்த கதைப் புத்தகத்தையும் சரித்திரப் புத்தகத்தையும் விடாமல் படிப்பார். சிகாகோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி 5 குழந்தைகள். ஓய்வு நேரமெல்லாம் போர் ஆட்டங்கள்தான்.

1968இல் லேக் ஜெனீவாவில் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டினார். சுமார் 100 பேர் வந்தார்கள். அதற்கு 'ஜென் கான்' என்று பெயர். இன்றும் இண்டியானாபொலிஸ் நகரில் வருடா வருடம் அது நடக்கிறது. 2023இல் 70,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1969ஆம் ஆண்டுக் கூட்டத்தில்தான் கைகாக்ஸும் ஆர்னெசனும் சந்தித்தார்கள்.

1970இல் கைகாக்ஸுக்கு இன்சூரன்ஸ் வேலை போயிற்று. அப்போதுதான் வீட்டின் கீழ்த்தளத்தில் மெஷின் போட்டு ஷூ பழுது பார்க்க ஆரம்பித்தார். பகலில் தோலும் ஊசியும், மிச்ச நேரத்தில் டைப்ரைட்டர். 1971இல் ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிநூல் வெளிவந்தது. ஆர்னெசன் தன் பிளாக்மூர் ஆட்டத்துக்குத் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது அந்த நூலின் விதிகளைத்தான்.

1972 கடைசியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் சொக்கிப்போனார். விதிகளைக் கேட்டால் ஆர்னெசனிடம் இருந்தது சில பக்கக் குறிப்புகள்தான். மிச்சமெல்லாம் அவர் தலைக்குள். கைகாக்ஸ் உட்கார்ந்து 50 பக்கத்துக்கு அடித்தார். தன் பிள்ளைகள் எர்னி, எலிஸ் இருவரையும் ஆடவைத்துப் பார்த்தார். நண்பர்களுக்கு அனுப்பினார். வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சேர்த்து எழுதியதில் 150 பக்கம் ஆயிற்று.

பதிப்பாளர்கள் யாரும் எடுக்கவில்லை. 1973இல் பால்ய சிநேகிதர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தானே தொடங்கினார். பணம் போதவில்லை. பிரையன் ப்ளூம் என்பவர் 2,000 டாலர் போட்டுப் பங்காளியானார். 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. 3 சிறு புத்தகங்கள், ஒரு அட்டைப்பெட்டி, விலை 10 டாலர். 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அது விற்றுத் தீரவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று!

பகடையில் இருக்கிற கணக்கு

இந்தத் தொழிலுக்குக் கற்பனை மட்டும் போதாது, நாம் படிக்கிற கணக்கும் வேண்டும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

நம் தாயக்கட்டை, லூடோ பகடை எல்லாம் 4 பக்கம் அல்லது 6 பக்கம். இவர்கள் 4, 6, 8, 12, 20 பக்கப் பகடைகளைப் பயன்படுத்தினார்கள். கணிதம் கற்பிக்கும் பொருள்களை விற்கும் பள்ளிக்கூட விலைப்பட்டியலில் இருந்து வாங்கியவை அவை.

20 பக்கப் பகடையில் 1 விழுவதற்கும் 20 விழுவதற்கும் 11 விழுவதற்கும் ஒரே வாய்ப்பு, 100க்கு 5. சண்டையில் அடி விழுமா விழாதா என்று பார்க்க இது பொருத்தம். யாருக்கும் எதுவும் நடக்கலாம்.

ஆனால் ஒரு ஆளின் பலம், அறிவு போன்ற 6 குணங்களை நிர்ணயிக்க 3 ஆறுபக்கப் பகடைகளை உருட்டிக் கூட்டினார்கள். மொத்தம் 6 x 6 x 6 = 216 வழிகள். 18 வருவதற்கு ஒரே வழி. 3 வருவதற்கும் ஒரே வழி. 10 வருவதற்கு 27 வழி, 11க்கும் 27. 9 முதல் 12 வரை வருவதற்கு 104 வழி, அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வரைந்து பார்த்தால் நாம் தரக்கட்டுப்பாடு பாடத்தில் போடுகிற அதே மணி வடிவம் கிட்டத்தட்ட வந்துவிடும். உலகத்தில் பெரும்பாலோர் நடுத்தரம், பீமன் எப்போதாவது ஒருவன்தான் பிறப்பான். அதைச் சொல்லாமலே பகடை சொல்லிவிடுகிறது. எந்த இடத்தில் எந்தப் பகடை என்று முடிவு செய்வது ஆட்ட வடிவமைப்பாளரின் வேலை.

பக்கத்தில் நீங்கள் இல்லாமல்

கணக்கைவிட முக்கியமான வேலை எழுதுவது. ஆர்னெசன் ஆட்டம் நடத்தும்போது அவர் பக்கத்தில் இருந்தார். எந்தச் சந்தேகத்துக்கும் வாயால் பதில் சொல்லிவிடலாம். 10 டாலர் கொடுத்து வாங்கிப்போனவன் யாரிடம் கேட்பான்? தாள்தான் பேச வேண்டும்.

நானும் ஒரு ஆட்டம் செய்து பார்த்தேன். பெயர் 'கடைசி பஸ்'. ராத்திரி நடுவழியில் நின்றுபோன பஸ்ஸில் நாலு பயணிகள், லூடோ பகடை இரண்டு, எட்டுப் பக்கம் விதி. எழுதி முடித்ததும் அடுத்த அறைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறப்பதில்லை என்று மூலையில் உட்கார்ந்தேன். 'ஒவ்வொருவரும் ஒருமுறை டிரைவரிடம் உதவி கேட்கலாம்' என்று எழுதியிருந்தேன். மொத்த ஆட்டத்துக்கும் ஒருமுறை என்பது என் எண்ணம். அவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என்று எடுத்துக்கொண்டார்கள். இருபதே நிமிடத்தில் பஸ் கிளம்பிவிட்டது! "டேய், அப்படி இல்லடா" என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தப்பு அவர்கள் மேல் இல்லை, என் வாக்கியத்தில்.

நம் ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதைதானே? வரைபடத்தில் ஒரு அளவு போடாமல் விட்டால் லேத்தில் நிற்பவன் ஊகித்துக்கொண்டு கடைந்துவிடுவான். வரைந்தவன் அப்போது அங்கே இருக்கமாட்டான். இப்படிப் பிறரை ஆடவிட்டு, எங்கே தடுக்கிறார்கள் என்று குறித்து, திருத்தி, மறுபடி ஆடவிடுவதுதான் இந்தத் தொழிலில் பாதி உழைப்பு. கைகாக்ஸின் 50 பக்கம் 150 ஆனதும் இப்படித்தான்.

பெயர் போன கதை, பங்கு போன கதை

இனி சொல்லப்போவதுதான் எனக்குப் பாடமாகப் பட்டது.

முதலில் ஆர்னெசன். 1974 பெட்டியில் இருவர் பெயரும் இருந்தது. பிறகு 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் ஆட்டத்தை விரித்து 3 பெரிய புத்தகங்களாகக் கொண்டுவந்தார். அதற்கு 'அட்வான்ஸ்டு' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தார்கள். இது வேறு ஆட்டம், ஆகவே ஆர்னெசனுக்கு ராயல்டி கிடையாது என்பது கம்பெனியின் வாதம். 1979இல் ஆர்னெசன் வழக்குப் போட்டார். 1981இல் சமரசம் ஆயிற்று. இருவருமே உருவாக்கியவர்கள் என்பது நிலைத்தது.

அடுத்தது கைகாக்ஸ். டான் கே 1975 ஜனவரியில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் பங்கை வாங்க, கம்பெனியை வளர்க்கப் பணம் வேண்டியிருந்தது. கைகாக்ஸிடம் இல்லை. ப்ளூம் குடும்பத்திடம் இருந்தது. பங்குகளில் பெரும்பகுதி அவர்களிடம் போயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஆட்டம் அமெரிக்கா முழுக்கப் பரவி, 1983இல் டி.வி. கார்ட்டூனாகக்கூட வந்தது. ஆனால் கம்பெனி கடனில் தள்ளாடியது. 1985இல் ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரிடம் விற்றார்கள். கைகாக்ஸ் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். 1986 முடிவதற்குள் தான் தொடங்கிய கம்பெனியை விட்டே வெளியேறினார்.

1992இல் வேறு ஆட்டம் எழுதினார். பழைய கம்பெனியே வழக்குப் போட்டது. கடைசியில் அந்த ஆட்டத்தின் உரிமையும் அவர்கள் கைக்கே போயிற்று. அவர் விடவில்லை, 1999இல் இன்னொன்று எழுதினார். இதற்கிடையில் 1997இல் டி.எஸ்.ஆர். நொடித்து விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி கைக்குப் போனது. 1999இல் அதையும் ஹாஸ்ப்ரோ வாங்கியது. கைகாக்ஸ் 2008 மார்ச்சில், 69 வயதில், அதே லேக் ஜெனீவாவில் காலமானார். ஆர்னெசன் கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆட்ட விதி வடிவமைப்பு கற்பித்தார். 2009இல் மறைந்தார்.

இன்று இந்தத் தொழில்

வருமானம் எப்படி என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிகளில் நிரந்தர வேலை சிலருக்குத்தான். வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. இதை மட்டும் நம்பி வாழ்பவர்கள் உலக அளவிலேயே குறைவு. பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஆனால் கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. 2000இல் ஒரு திறந்த உரிமம் மூலம் அடிப்படை விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தி நூல் வெளியிட வழி வந்தது. 2023 தொடக்கத்தில் அந்த உரிமத்தை மாற்றப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்களும் எழுத்தாளர்களும் பெரிய எதிர்ப்புக் கிளப்பினார்கள். கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் பொதுவில் விட்டுவிட்டது. முன்கூட்டியே வாசகர்களிடம் பணம் திரட்டி அச்சிடும் வழியும் இருக்கிறது. பதிப்பாளர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடாது.

அது மட்டுமல்ல. நாம் செல்போனில் ஆடுகிற ஆட்டங்களில் உயிர்ப்புள்ளி குறைவது, அனுபவப்புள்ளி ஏறுவது, லெவல் கூடுவது எல்லாம் இந்த மேசை ஆட்டத்தின் வழியாகப் பரவியவைதான். கம்ப்யூட்டர் கேம் கம்பெனிகளில் விதிமுறை வடிவமைப்பாளர் என்றே தனி வேலை உண்டு. அதற்குத் தாளும் பகடையும்தான் முதல் பயிற்சி.

அப்பாவிடம் சொன்னேன்

போன பொங்கல் விடுமுறையில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு எங்கடா கடை போட்டிருந்தாரு?"

"வீட்டுக்குக் கீழேயே ரூம்பா."

"மெஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சாம்."

"அப்ப மழைக்கும் வெயிலுக்கும் பிரச்சினை இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. கைகாக்ஸுக்கு அது சில வருடத் தொழில். வேண்டாம் என்றபோது விட்டுவிட்டார். யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை, அவர் அப்பா வயலின் வாசித்தவர். எங்களுக்கு அப்படி இல்லை. இங்கே அது தொழிலாக மட்டும் இருக்கவிடப்படவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் எழுதினால் என் அப்பாவுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன்.

ஆனால் பங்கு போன கதையைச் சொன்னபோது அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவனுக்கே இப்படியாடா?" என்றார். அப்பா கைநாட்டு. முன்பு ஒருமுறை கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்துவிட்டு, வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கட்டியவர். படிப்பு வந்துவிட்டால் அது நடக்காது என்று நம்பித்தான் என்னைப் படிக்கவைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீ எதுல கையெழுத்துப் போட்டாலும் முழுசாப் படிச்சிட்டுப் போடு."

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நாம் வேலை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடப்போகிறோம். நம் யோசனைகள் பிறர் கம்பெனிகளில் பொருளாகும். ஆர்னெசனிடமிருந்து நான் கற்றது, தலைக்குள் இருப்பதைத் தாளில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு வை என்பது. கைகாக்ஸிடமிருந்து கற்றது, எழுதினால் மட்டும் போதாது, பங்கு யாரிடம் என்று பார் என்பது. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னது என் அப்பா.

சென்ற வாரம் அப்ரண்டிஸ் விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். அதிலும் அந்தக் கட்டம் இருந்தது. இந்த முறை 'செருப்பு தைக்கும் தொழிலாளி' என்று எழுதினேன். முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

'கடைசி பஸ்' இப்போது பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஹாஸ்டல் மாடிக்கு வரலாம். பகடை இருக்கிறது. நான் வாய் திறக்கமாட்டேன்.